குடலுக்குப் போகும் நரம்பு

கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கக் கூடாது; அதிலிருந்து பண்ணைக்கு நோய் தொற்றிவிடும். நாமக்கல் பக்கம் பால் குடிக்கிற குழந்தைக்கும் இது தெரியும். நாலாம் வகுப்புப் படித்த நான் மட்டும் தெரியாதவளைப் போல் அழுது புரண்டு, மாமா கொடுத்த செவலைப் பெட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்பா முறைத்தார். மூன்றாம் நாள் அவரே அதற்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் பண்ணைக் கொட்டகையில் கோழிகள் விழ ஆரம்பித்தன. ஒரு காலை முன்னேயும் ஒரு காலைப் பின்னேயும் நீட்டிக்கொண்டு கிடந்தன. இரைப்பை நிறையத் தீவனம், தூக்கிப் பார்த்தால் எலும்பும் தோலும். எல்லாம் முட்டைக்கு வராத நாலு மாதக் கோழிகள். பண்ணையே போய்விடுமோ என்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் வந்து, செத்த கோழி ஒன்றைச் சாக்கின் மேல் வைத்து அறுத்தார். குடலை ஒதுக்கிவிட்டு எதையோ இடுக்கியால் தூக்கிக் காட்டினார்.

“வெள்ளை நூலாட்டம் இருக்கோணுமுங்க. குடலுக்குப் போற நரம்பு, பக்கத்து நரம்பு முடிச்சோட சேந்து எப்படித் தடிச்சுக் கெடக்குது பாருங்க. இது கெட்டுச்சுன்னா இரை உள்ள நகராது. தின்னும் பட்டினிதான்.”

கத்திரியைக் கழுவிக்கொண்டே, “நாட்டுக்கோழி ஏதாச்சும் வளத்தறீங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, “ஊட்டுக்குள்ள போ சாமி” என்றார்.

அப்பாவே பொய் சொல்கிறார் என்றால், குற்றவாளி என் கோழிதான்.

அன்று சாயங்காலம் அதைச் சாக்கில் போட்டுத் தூக்கிப்போய், மரவள்ளிக் காட்டுக்கு அப்பால் விட்டேன். என் பின்னாலேயே ஓடி வந்தது. கல்லெடுத்து எறிந்தேன். திங்கட்கிழமை ஸ்கூல் வேனிலிருந்து பார்த்தபோது, வேலியோரம் செவலை இறகுகளும் இரண்டு நாய்களும் இருந்தன. அழக்கூடப் பயமாக இருந்தது. பண்ணைக் கோழிகளில் பாதிக்கு மேல் குழி தோண்டிப் புதைத்தோம். என் கோழி எங்கே என்று அப்பா கேட்கவே இல்லை. அது கோபம் என்று நினைத்தேன்.

கால்நடை மருத்துவம் படிக்கும்போதுதான் தெரிந்தது. அந்த நோய் குஞ்சாக இருக்கும்போதே தொற்றி, நரம்பில் தெரிய வாரக்கணக்கில் ஆகும். என் கோழி வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. “ஆமாங்க, போன ஞாயித்துக்கெழமதான் வந்துச்சு” என்று அப்பா உள்ளதைச் சொல்லியிருந்தால், அதனால் இல்லை என்று டாக்டர் அப்போதே சொல்லியிருப்பார்.

இதை நான் போய்ச் சொல்ல அப்பா உயிரோடு இல்லை. மகள் கொண்டுவந்த கோழிதான் பண்ணையை அழித்தது என்று கடைசிவரை நம்பியவர், என்னை ஒரு வார்த்தை கேட்காமலே போய்விட்டார்.