மூக்கரின் முதல் மூச்சு

உதிரிபாகக் கடைத் தெருவில் போன மாதம் ஒரு பேச்சு கிளம்பியது. மூக்கர் தன் பெண்டாட்டியைக் கார்களுக்குள் உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டிவிடுகிறார் என்று. தெருவின் இந்த முனையில் அது ஒரு காராக இருந்தது. நடுத்தெருவுக்கு வருவதற்குள் ஐந்து காராகி, அந்த முனையை அடைந்தபோது அம்மாள் டிக்கிக்குள் இருந்தார்.

எங்கே பிறந்த பேச்சு என்று தேடிப் போனால் பூதக்கண்ணாடியிடம் போய்த்தான் முட்ட வேண்டியிருந்தது. மூக்கரின் பட்டறைக்கு நேர் எதிரே ஹோஸும் பெல்ட்டும் விற்கிறவர். மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் கண்ணாடியின் கனத்தால் வந்த பெயர்.

"கண்ணால பாத்தேன். ரெண்டு நாள். காலையில ஏழு மணி. அந்தம்மா பின்சீட்டுல உம்முன்னு உக்காந்திருக்கு. இவரு வெளியில நின்னு வாட்ச் பாக்குறாரு. குடும்பம்னா ஆயிரம் இருக்கும், நமக்கெதுக்கு?"

நமக்கெதுக்கு என்று கேட்டுவிட்டு முக்கால் மணி நேரம் மீதியைச் சொன்னார்.

விசாரித்த வரையில் செய்தி பெரும்பாலும் உண்மைதான். இரண்டு நாள், மூன்று கார், ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம். பூட்டவில்லை, சாத்தியதோடு சரி. டிக்கி சுத்தப் பொய். ஏன் உட்கார வைத்தார் என்பதைச் சொல்ல வேண்டுமானால் மூக்கரின் மூக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருஷமாகப் பழைய சொகுசுக் கார்கள் மட்டும் பார்க்கிறார். புதிதாக இருந்தபோது முதலாளிகளைச் சுமந்து, பிறகு முதலாளிகளின் மருமகன்களைச் சுமந்து, ஐந்தாவது கைக்கு வந்து சேர்ந்த கார்கள். தோல் சீட், மரப் பலகை, கதவைச் சாத்தினால் பெட்டகத்தைச் சாத்திய மாதிரி ஒரு சத்தம். எல்லாம் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் கிழடாகிவிடும். பெட்ரோல் போகும் குழாய் வெடிக்கும், வளையம் காய்ந்து கருவாடாகும், கண்ணுக்குத் தெரியாமல் கசியும். காரில் ஏறுகிறவருக்கு நாற்றம் மட்டும் தெரியும். பத்துப் பட்டறை ஏறி இறங்குவார். பத்திலும் "எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்பார்கள். பதினோராவதாக மூக்கர்.

மூக்கரின் முறை இதுதான். டேங்க்கை நிரப்பி, காரை மாலையில் கொட்டகைக்குள் விட்டு, கண்ணாடியெல்லாம் ஏற்றிப் பூட்டிவிடுவார். மறுநாள் காலை காப்பி குடிக்காமல், வாசனைச் சோப்புப் போடாமல் வந்து, பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு ஒரே ஒரு மூச்சு. கசிவது "பம்ப் மூடி" என்பார். அல்லது "ஃபில்டர் கிளாம்ப், இடது பக்கம்" என்பார். அவருக்கு முன்னால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. "முதல் மூச்சுதான் மூச்சு. ரெண்டாவது மூச்சுலயே மூக்கு பழகிப்போயி நம்மகிட்ட பொய் சொல்லும்" என்பது அவர் கட்சி. ரிப்பேர் முடிந்தபின் மறுபடி ஒரு ராத்திரி, மறுபடி ஒரு மூச்சு. "வாசனை இல்லை" என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் போதும், அதைச் சொல்லியே காரை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் உண்டு.

இப்படிப்பட்டவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்தார், எழுந்தார், பட்டறைக்குப் போனார். பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "பாத்துக்கங்க" என்று சொல்லி மனைவி மாடிக்குத் துணி காயப்போடப் போனார். மூக்கர் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்தார். மனைவி படியிறங்கி வரும்போது பால் பொங்கி, வற்றி, தீய்ந்து, பாத்திரத்தின் அடி கரியாகிக்கொண்டிருந்தது. மூக்கர் விளையாட்டுப் பக்கத்தில் இருந்தார்.

"என்னங்க, தீயிற நாத்தம் தெருவே நாறுது, உங்களுக்குத் தெரியல?"

தெரியவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரத்துக்குள் முகத்தை விட்டார். சூடு தெரிந்தது. அவ்வளவுதான். வெங்காயம், ஷூ பாலிஷ், பாத்ரூமில் பினாயில் என்று வரிசையாக முகர்ந்து பார்த்தார். உலகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவர் நாள்களை எண்ணிப் பார்த்தார். மூக்கு இன்றைக்குப் போனதா, காய்ச்சலோடு போனதா? காய்ச்சலோடு என்றால், இந்தப் பத்து நாளில் நான்கு கார்களுக்குள் தலையை விட்டு, சுத்தமாக ஒன்றும் தெரியாத மூக்கால் மூச்சிழுத்து, "வாசனை இல்லை" என்று நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறார். சொன்னபோது, வேலை இவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பூரித்தும் இருக்கிறார்.

மூன்று கார்கள் திறந்த வெளியில் நிற்பவை. நான்காவது, ஒரு பல் டாக்டரம்மாவுடையது. எழுபது வயது, ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். சனிக்கிழமை மூக்கரே ஓட்டிக்கொண்டுபோய் அவர் வீட்டுக்கு அடியில் இருக்கும் கராஜில் விட்டிருந்தார். நிறைந்த டேங்க்கோடு. விட்டுத் திரும்பும்போது, சுவரில் மாட்டியிருந்த வெந்நீர் கேஸ் ஹீட்டருக்குள் விரல் நுனியளவு நீலச் சுடர் ஒன்று ஓயாமல் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். அழகாக இருக்கிறதே என்று நினைத்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

போனை எடுத்தார்.

"டாக்டரம்மா, கார் எடுத்தீங்களா?"

"இல்லையேப்பா. என்ன விஷயம்?"

"எடுக்காதீங்க. கராஜ் கதவைத் திறந்தே வைங்க. அப்புறம் அந்த ஹீட்டர்... அதை முழுசா அணைச்சிடுங்க."

"ஹீட்டரையா? ஏன்?"

உண்மை தொண்டை வரை வந்தது. இருபத்தாறு வருஷத்துப் பெயர் அதன் காலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. "அது வந்து... டேங்க் கழுவுற மருந்து ஒண்ணு ஊத்தியிருக்கேன். ஆறணும். ஞாயித்துக்கிழமை நானே வந்து பாத்துடறேன்."

"பச்சைத் தண்ணியிலயா குளிக்கச் சொல்றே? என் முட்டி கேக்காதே தம்பி."

"நாலே நாள், டாக்டரம்மா."

ஏன் ஞாயிறு வரை? அன்றைக்குத்தான் மனைவிக்கு விடுமுறை; டாக்டரம்மாவின் வீடு ஊரின் மறுகோடி, வேலைக்கு முன்னால் போய்வர முடியாது. நடந்ததை மூக்கர் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார். கேட்டுவிட்டு அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "இதுக்கா முழி பிதுங்குது? எனக்கு மூக்கு இருக்குல்ல. நான் மோந்து சொல்றேன்." முதல் மூச்சுத் தத்துவத்தை அந்த வீட்டில் இருபது வருஷமாகக் கேட்டவர் வேறு. அப்படித்தான் வியாழனும் வெள்ளியும், வேலைக்குப் போகுமுன் காலை ஏழு மணிக்கு, ஏதோ சாக்குச் சொல்லி வரவழைத்த மூன்று கார்களில் அவர் உட்கார்ந்தார். மூன்றிலும் "ஒண்ணுமில்லை" என்றார். எதிரே பூதக்கண்ணாடி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று கேட்டதற்கு, "சீட்டு தையல் பாக்குறா" என்றார் மூக்கர். அதை யார் நம்புவார்கள்?

டாக்டரம்மாவின் கார் மட்டும் பாக்கி. ஓட்டி வரச் சொல்ல முடியாது. தானே போய்ப் பார்க்கலாமே என்று கேட்டால், போய் என்ன செய்வது என்று மூக்கருக்குத் தோன்றியது. மூக்கில்லாமல் ஒரு காருக்கு முன்னால் போய் நிற்பது வேட்டியில்லாமல் நிற்பதுபோல இருந்தது.

அந்த நான்கு நாளும் அவர் சோறு இறங்காமல் திரிந்தார். தினமும் காலையில் போன்: "ஹீட்டர் போடலையே?" தினமும் அதே பதில்: "குளிச்சு முடிச்சு நடுங்கிக்கிட்டிருக்கேன், வை போனை." மாலையில் அந்தத் தெரு வழியாக ஸ்கூட்டரில் போய், வீடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். வெள்ளி மத்தியானம் தீயணைப்பு வண்டி சைரன் போட்டுக்கொண்டு போனபோது, கையில் ஸ்பேனரோடு பின்னாலேயே விரட்டினார். நாலு திருப்பம் தாண்டி அது ஒரு டயர் கடையில் போய் நின்றது. டயர் மாற்ற வந்திருந்தார்கள். சைரன் டிரைவரின் சொந்த ஆசை.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கணவனும் மனைவியும் டாக்டரம்மாவின் கராஜுக்குள் நுழைந்தார்கள். ஹீட்டரில் சுடர் இல்லை. மூக்கருக்குப் பாதி உயிர் வந்தது. மனைவி பின்கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, சாத்திக்கொண்டு, கண்ணை மூடி இழுத்தார். மூன்று நிமிடம் கழித்து இறங்கினார்.

"சுத்தமா ஒண்ணுமில்லைங்க. நம்ம கடை மாதிரி சாதாரணமாத்தான் இருக்கு."

மீதிப் பாதி உயிரும் வந்துகொண்டிருந்தபோது, வாசலில் சால்வையைப் போர்த்தி நின்ற டாக்டரம்மா கேட்டார். "நீ எந்தக் கடையில இருக்கேம்மா?"

"ட்ரை கிளீனிங் கடை. பத்தொம்பது வருஷம்."

ட்ரை கிளீனிங் மருந்து பெட்ரோலுக்குப் பங்காளி முறை. பத்தொன்பது வருஷமாக அந்த வாசனையில் எட்டு மணி நேரம் ஊறி, அதுதான் காற்று என்று பழகிய மூக்கு அது. அதே கடை வாசனைச் சேலையோடுதான் தினமும் வீட்டுக்கு வருவார். மூக்கர் ஒரு நாள்கூட அதை யோசித்ததில்லை. மூக்கைப் பற்றி எல்லாம் தெரிந்தவராயிற்றே!

"டாக்டரம்மா," என்றார் மூக்கர். "உங்களுக்கு... வாசனை வருதா?"

"வந்துகிட்டுத்தான் இருக்கு. போன சனிக்கிழமை நீ விட்டுட்டுப் போனதிலேருந்து. மாடிப்படி வரைக்கும் வருது."

"சொல்லவே இல்லையே?"

"நீ இல்லைன்னு சொல்லிட்டியேப்பா. மூக்கரே சொல்லிட்டார், நமக்கு வயசாச்சு, பிரமைன்னு நினைச்சேன்."

மூக்கர் கீழே உட்கார்ந்துவிட்டார். ஒரு பெயர் இவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று அவர் நினைத்ததில்லை. நல்ல மூக்கு உள்ள ஒருத்தரின் மூக்கையே அணைத்துவிட்டிருக்கிறது. ஹீட்டரை அணைக்கத்தான் சனியிலிருந்து புதன் வரை நாலு நாள் ஆனது.

பிறகு எழுந்தார். முதல் வேலையாக பேட்டரியைக் கழற்றினார். பின்சீட்டைத் தூக்கினார். அடியில் பம்ப் மூடி. சுற்றிலும் வருஷக்கணக்கான அழுக்கு, ஒரு பக்கம் மட்டும் துடைத்துவிட்ட முகம்போலப் பளிச்சென்று. அங்கே ஆள்காட்டி விரலை வைத்தார். சில்லென்றது. பெட்ரோல் ஆவியாகும்போது விரலைக் குளிர வைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் கற்றுக்கொண்டது. மூக்கு வந்தபிறகு விரலை மறந்துவிட்டிருந்தார். வளையம் மூன்று இடத்தில் வெடித்திருந்தது. நகத்தால் நெருடினால் பொடியாக உதிர்ந்தது.

டேங்க்கிலிருந்து பாதிப் பெட்ரோலை இறக்கி, புது வளையம் போட்டு முடிக்க மாலையாகிவிட்டது. இந்த முறை கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டது டாக்டரம்மா. "இல்லை" என்றார். கொஞ்சம் யோசித்து, "நிஜமாவே இல்லை" என்றார்.

அதற்குப் பிறகுதான் மூக்கர் உண்மையைச் சொன்னார். பால், காய்ச்சல், இல்லாத மருந்து, எல்லாம். டாக்டரம்மா ஒரு பல் பிடுங்கும்போது கேட்டுக்கொள்வதுபோலப் பொறுமையாகக் கேட்டார்.

"காசு பத்திப் பேசாதே. நீ எனக்கு நாலு வெந்நீர்க் குளியல் பாக்கி."

"என்ன செய்யட்டும், சொல்லுங்க."

"ஹீட்டரைக் கழட்டி வெளிச்சுவத்துல மாட்டிக் குடு. அதுல மூணு கழிஞ்சுடும். நாலாவதுக்கு, உங்க தெருவுல உன் வாயால சொல்லணும். மூக்கு போயிடுச்சுன்னு. என்னை மாதிரி இன்னொருத்தி தன் மூக்கை நம்பாம உக்காந்திருக்கக் கூடாது."

ஹீட்டர் அடுத்த வாரமே வெளியே போய்விட்டது. மூன்று கார்களையும் மறுபடி வரவழைத்து, மூடி மூடியாகத் திறந்து விரல் வைத்துப் பார்த்தார், மூன்றும் தேறின. இப்போது பட்டறையில் முதல் மூச்சு வண்டிக்காரர்களுடையது. "நீங்களே மோந்து பாருங்க, உங்க வண்டி, உங்க உரிமை" என்கிறார். ஏதோ புது மரியாதை என்று அவர்களும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தலையை உள்ளே விடுகிறார்கள். மூக்கு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று காது-மூக்கு டாக்டர் சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் பால் காயும்போது மூக்கர் அடுப்படியில் போய் நிற்கிறார்.

நேற்று பூதக்கண்ணாடி ஒரு ஹோஸைச் சுருட்டிக் கொடுத்தபடியே சும்மா கேட்பதுபோலக் கேட்டார். "ஏண்ணே, அண்ணி இப்பல்லாம் கார்ல உக்கார்றதில்லையே? சமாதானமாயிட்டீங்களா?"

மூக்கர் வாயைத் திறந்தார். நாலாவது குளியல் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"தையல் பாத்து முடிச்சாச்சு," என்று சொல்லிவிட்டு, ஹோஸை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.