பங்கு பிரிக்காத டிஸ்க்

எங்கள் தெருவில் அக்காவுக்கு ரேடியோ என்று பெயர். பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது ஒன்பது வருஷமாக அவள் வேலை. பின் அறை ஜன்னலில் போர்வையைக் கட்டி, ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க வாசிப்பாள். எங்காவது நாய் குரைத்தால் அந்தப் பக்கம் மறுபடி முதலிலிருந்து.

இந்த வருஷம் வரலாறு, நாற்பத்தாறு பாடம். கடைசிப் பாடம் முடிந்த வாரமே குரல் கட்டிக்கொண்டது. தொண்டையில் சின்னக் கட்டி என்றார் டாக்டர். ஒரு மாதம் கிசுகிசுக்கக்கூட கூடாது, மீறினால் இருக்கிற குரலும் போய்விடும். அக்கா நோட்டில் எழுதிப் பேச ஆரம்பித்தாள். கல்யாணமாகி இப்போதுதான் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்கிறேன் என்றார் மாமா. பென்சில் பறந்து வந்தது.

மாமா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ரிப்பேர் வீடியோக்களாலேயே அவருடைய கம்ப்யூட்டர் நிரம்பிவிட்டது. அக்காவின் லேப்டாப்பிலும் இடமில்லை. எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் முடித்தவன் நான். வயர் என்று எது இருந்தாலும் என் தலையில்தான் விழும். ஒரு ஹார்ட் டிஸ்க்கை ரவுட்டரின் பின்னால் யூஎஸ்பி போர்ட்டில் செருகி, இரண்டு கம்ப்யூட்டரிலும் தெரியும்படி செய்தேன். பள்ளிக்கு இன்னும் அனுப்பாத அக்காவின் வரலாற்றுப் பதிவுகளை அதற்கு மாற்றி, லேப்டாப்பைக் காலி செய்ததும் நான்தான். டிஸ்க்கை ரெண்டு பேருக்கும் பகிர்ந்து விட்டாச்சு என்று நிமிர்ந்த தலையோடு சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் மாமாவிடமிருந்து போன். அக்கா நோட்டில் 'காணோம்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறாளாம். ஓடினேன். டிஸ்க்கில் அவருடைய வீடியோக்கள் மட்டும் இருந்தன.

"என் பங்குல அவ ஃபைல் தெரியாம வந்துருந்துச்சு மாப்ள. அதைத்தான் அழிச்சேன். அவ பங்குல அவளுது இருக்கும்ல?"

"பங்கெல்லாம் கிடையாது மாமா. ஒரே டிஸ்க்கைத்தான் ரெண்டு பேரும் பாக்குறீங்க."

"நீதான பகிர்ந்தாச்சுன்ன?"

அவருடைய அப்பாவின் வீட்டை அண்ணன் தம்பிகள் பகிர்ந்தபோது நடுவில் சுவர் எழும்பியதைப் பார்த்தவர் அவர். அந்தச் சொல்லுக்கு அவரிடம் வேறு அர்த்தம் இல்லை.

ரவுட்டர் வழியாக அழித்தது கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகவில்லை. டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் நேராகச் செருகி, மீட்கும் மென்பொருளை ஓடவிட்டேன். இருபத்தொன்பது பாடங்கள் திரும்பின. மீதிப் பதினேழின் மேல், அழித்த பிறகு மாமா போட்ட வீடியோக்கள் ஏறி உட்கார்ந்திருந்தன.

தேர்வுக்குப் பதினெட்டு நாள். வேறு யார் வாசித்தாலும் பரவாயில்லை என்று பள்ளி ஆசிரியை போனில் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். அவள் காதில் வாங்காமல் புத்தகத்தைத் திறந்து மைக் முன்னால் உட்கார்ந்தாள். வாய் திறக்குமுன் மாமா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் வாசிக்கிறேன். தப்பு வந்தா சொல்லு." உடனே திருத்திக்கொண்டார். "சொல்லாத. தட்டு."

அவருக்கு ழகரம் வராது. முதல் பத்திக்குள் அக்கா மேஜையைப் பதினான்கு முறை தட்டினாள். மூன்று நாளில் இரண்டு பாடம் முடிந்திருக்கிறது. பின் அறைக் கதவுக்கு வெளியே நிற்கும் எனக்கு அவர் குரலும் அந்தத் தட்டலும் மாறி மாறிக் கேட்கின்றன. தட்டல் குறையவில்லை.