ஜெயபாலன் வாத்தியாரின் பாராட்டு விழா

பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைப்பதில் மலாக்கா காஜா பேராங் தமிழர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஜெயபாலன் வாத்தியாருக்குப் பல்கலைக்கழகத்தில் நேர்முகத் தேர்வு என்று கடிதம்தான் வந்திருந்தது. வேலை வரவில்லை. அதற்குள் கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா! மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் வாங்கிய சூடு ஆறாத நேரம். நம்மாள் ஒருவன் விரிவுரையாளராகப் போகிறான் என்றால் சும்மா இருப்பார்களா?

விழா எடுத்தவர் கோயில் தலைவர் வேலாயுதம், ஜவுளிக்கடை முதலாளி. பல்கலைக்கழகத்தில் இந்தியர்களைப் பற்றிய பாடப்பிரிவு தொடங்க ஊர் ஊராக நிதி திரட்டிக் கொடுத்தவர். அதனால் விரிவுரையாளரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அவருக்கும் ஒரு நாற்காலி. அவரே மாலை போடுகிறார் என்றால் வேலை கைக்கு வந்த மாதிரிதானே! பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று ஊரே பேசிக்கொண்டது.

ஜெயபாலனுக்கும் அந்த வேலைமேல் கொள்ளை ஆசை. ரப்பர்த் தோட்டம் தோட்டமாகச் சைக்கிள் மிதித்து, லயத்து வரிசை வீடுகளில் சனங்களோடு பேசி, எம்.ஏ. பட்டத்துக்கு ஓர் ஆய்வு எழுதியிருந்தார். வெள்ளைக்காரத் துரை நம் சனங்களை எப்படி நடத்தினான் என்பது பாதி. நம் சனங்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் எப்படி நடத்தினார்கள், ஒரே லயத்தில் எதற்கு இரண்டு தண்ணீர்க் குழாய் என்பது மீதி. அந்த மீதியைப் பல்கலைக்கழகத்தில் பாடமாக நடத்த வேண்டும் என்றுதான் அவர் துடித்தார்.

ஏன் துடித்தார் என்று அவருடைய அம்மா பாக்கியத்துக்கு மட்டும்தான் தெரியும். ஜெயபாலனின் அப்பா மூவாரில் மலவாளி தூக்கியவர். அவர் செத்த பிறகு, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத இடமாகப் பார்த்து, மகனை இழுத்துக்கொண்டு இங்கே வந்தாள் பாக்கியம். வெள்ளிக்கிழமைதோறும் கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போவாள். நாலு பெண்களோடு உட்கார்ந்து சிரித்துப் பேசிக் கத்திரிக்காய் அரிகிற அந்தக் காலைப்பொழுதுதான் அவளுக்குச் சொர்க்கம். பாவம், வேறு என்ன சுகத்தைக் கண்டாள்!

விழாவில் வாழ்த்துமடல் வாசித்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டது. தமிழ் அருவியே, அறிவுக் கடலே என்று ஓடி, 'எங்கள் குலக்கொழுந்தே' என்று வந்தது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வேலாயுதம் தன்னுடைய சாதிப் பேரை எடுத்து வாத்தியார் பேருக்குப் பின்னால் ஒட்டியும் வைத்திருந்தார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெற்றியில் விபூதி, வாயில் இங்கிலீஷ், எம்.ஏ. பட்டம். இவ்வளவும் உள்ளவன் வேறு யாராக இருக்க முடியும்?

சிரித்துக்கொண்டே வாங்கியிருக்கலாம். ஜெயபாலனும் கையை நீட்டத்தான் செய்தார். ஆனால் பெற்ற அப்பனைத் துடைத்துப் போட்டுவிட்டார்களே என்று நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"மன்னிக்கணும் தலைவரே. நான் உங்க குலம் இல்ல. எங்கப்பா மூவார்ல மலவாளி தூக்கினவரு. அதை எழுதிக் கொடுங்க, சந்தோஷமா வாங்கிக்கிறேன்."

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேலாயுதம் கெட்டிக்காரர். "வாத்தியாருக்குப் பெரிய மனசு" என்று கைதட்டி விழாவை முடித்துவிட்டார்.

"யாரைக் கேட்டுடா சொன்னே?" வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"உண்மையத்தானேம்மா சொன்னேன்."

"உன் உண்மைக்கு நீ சம்பளம் வாங்குவே. நான் என்னடா வாங்குவேன்?"

வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் கோயிலுக்குப் போனாள். போகச் சொல்லி யாரும் விரட்டவில்லை. அப்படியெல்லாம் செய்வார்களா, நாகரிகமானவர்கள்! சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் சாரதாம்பாள் சிரித்த முகத்தோடு கத்தியை வாங்கி வைத்தாள். "நீங்க உக்காருங்கக்கா, ஏன் சிரமப்படுறீங்க?" பாக்கியம் அதற்குள் அரிந்திருந்த பூசணிக்காய் கொல்லைப்பக்கச் சாக்கடைக்குப் போனது. அதைப் பார்த்துவிட்டு வந்தவள் அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

நேர்முகத் தேர்வில் வெள்ளைக்காரப் பேராசிரியர் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்டவர் வேலாயுதம்தான்.

"நாடு இப்பத்தான் எழுந்து நிக்குது தம்பி. மலாய்க்காரங்க, சீனங்க முன்னால நாம ஒண்ணுன்னு காட்டணும். நம்ம வீட்டு அழுக்கைத் தெருவுல வச்சு அலசணுமா?"

"வெள்ளைக்காரன் நம்மள ஒதுக்கினத எழுதினா நியாயம். நாமளே ஒதுக்கினத எழுதினா அழுக்கா?"

நல்ல கேள்வி. நல்ல கேள்விக்கு எவன் வேலை கொடுத்தான்? சமுதாயத்தைப் பிரித்துவிடுவார் என்று சொல்லி ஜெயபாலனைத் தள்ளிவிட்டார்கள். மதராஸிலிருந்து ராமச்சந்திரன் என்பவரை வரவழைத்து உட்கார வைத்தார்கள்.

கொடுமையைக் கேளுங்கள். அந்த ராமச்சந்திரன் தோட்டத்து ஏற்றத்தாழ்வைப் பற்றித்தான் ஆராய வேண்டுமென்று அடுத்த வருஷம் மலாக்காவுக்கே வந்தார். நல்ல மனிதர். ஜெயபாலனின் ஆய்வை மரியாதையாகப் படித்திருந்தார். வேலாயுதம்தான் அவரை ஜெயபாலன் வீட்டுக்கு அழைத்து வந்தார். முன்னறையில் உட்கார்ந்து ராமச்சந்திரன் பாக்கியத்திடம் கேட்டார்.

"அம்மா, சாதியச் சொல்லி இங்க யாராவது உங்கள ஒதுக்கினதுண்டா?"

பாக்கியம் அவரைப் பார்க்கவில்லை. வேலாயுதத்தைப் பார்த்தாள்.

"அதெல்லாம் கப்பல் ஏறும்போதே கடல்ல போட்டாச்சுங்க. இங்க யாரு பாக்குறா? கோயில்ல எல்லாருக்கும் ஒரே பந்தி, ஒரே சோறு."

வேலாயுதத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "என்ன பாக்கியம், கோயில் பக்கம் ஆளையே காணோம்? வெள்ளிக்கிழமை வந்து காய் நறுக்கிக் கொடும்மா. நான் சாரதாம்பாள்கிட்ட சொல்றேன்."

ராமச்சந்திரனுக்குச் சமாதானமாகவில்லை. ஜெயபாலன் பக்கம் திரும்பினார்.

"உங்க ஆய்வுல வேற மாதிரி இருக்கே சார். எது சரி?"

ஜெயபாலன் அம்மாவைப் பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மகன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

"அம்மா சொல்றதுதான் சரி" என்றார். "நான் எழுதினது தப்பு. அப்படியே எழுதிக்குங்க."