ஒரு சுற்று தாமதம்

லிஃப்ட் மூன்றாம் மாடியைத் தாண்டும் ஓசை கேட்டதும் செக்டர் சார் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். ஐந்தாம் மாடியில் கதவு திறக்கும்போது அவர் கால் சரியாக வாசலில் இருக்கும். முன்னதாகப் போய் நிற்கவும் மாட்டார், மூச்சிரைக்க ஓடி வரவும் மாட்டார். தவறவிட்டவர்களைப் பார்த்து உள்ளே நின்றபடியே, "கொஞ்சம் முன்னாடி கிளம்பணும். ரொம்ப முன்னாடியும் கூடாது" என்று உபதேசம் வேறு செய்வார்.

வீட்டில் இந்த வித்தை எடுபடவில்லை. "பஸ் நகரும்போதுதான் இவர் படியில காலை வைப்பாரு. மூட்டை முடிச்சோட பின்னால ஓடி வர்றது நான்" என்று அவர் மனைவி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. "ஏறிட்டல்ல?" என்று அவர் திருப்பிக் கேட்பாரே தவிர, மூட்டையைக் கையில் வாங்கியதாகத் தகவல் இல்லை.

காப்பீட்டு அலுவலகம் ஒன்றின் பெரிய கணினிக்கு அசெம்ப்ளர் என்ற பழைய கணினி மொழியில் புரோகிராம் எழுதுவது அவர் தொழில். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், பாலிசிப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் டிஸ்க் நிஜமாகவே சுற்றியது. ராட்டினம் போலச் சுற்றும் அந்தத் தட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருப்பார்கள், அதுதான் செக்டர். தேடுகிற பதிவு எந்தச் செக்டரில் தொடங்குகிறது என்று கணக்குப் போட்டு, அது வருவதற்குச் சற்று முன்னால் கணினியைத் தட்டி எழுப்ப வேண்டும். பிந்தினால் பதிவு கடந்து போய்விடும். தட்டு இன்னொரு முழுச் சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒரு சுற்று என்பது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனால் ஊரில் உள்ளவர்களின் பாலிசி அத்தனைக்கும் ஒவ்வொரு சுற்று என்றால் பொழுது விடிந்துவிடும்.

அந்தக் கணக்கை எழுதியவர் இவர். பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். அதைக் கேட்டால் அவருக்குக் கோபம் வராது, முதுகு கொஞ்சம் நிமிரும்.

அப்படிக் கணக்குப் போட்டும் ராத்திரி வேலை காலைவரை இழுத்தது. மேலிடம் காரணம் கேட்டபோது, "என் கணக்குல தப்பே இருக்காது. டிஸ்க் மாட்டுறவங்க கைதான் மெதுவு" என்றார். டிஸ்க்குகளைக் கணினியில் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருந்தவர் ஆபரேட்டர் அக்கா. அவருக்கு வரவேண்டிய ஷிப்ட் தலைமை வேறொருவருக்குப் போயிற்று. அன்று ஒட்டிக்கொண்ட 'ஸ்லோ அக்கா' என்ற பெயர் இன்றுவரை போகவில்லை. நேற்று வந்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறார். இப்போது அவர் இடம் செக்டர் சாருக்கு எதிர் மேசை.

இன்று காலை புது மேலாளர் வந்து நின்றார். "இப்ப எதுவுமே சுத்தறதில்ல சார். நீங்க அனுப்புற செக்டர் நம்பரை இந்தப் புது டிஸ்க் பெட்டி வாங்கிக் குப்பையில போடுது. அந்தக் கணக்கை இன்னிக்கே எடுத்துடுங்க."

"தெரியும்மா. மரியாதைக்கு ஒண்ணு இருக்கட்டுமேன்னு விட்டு வச்சேன்."

அழிப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை படிப்போம் என்று திறந்தார். அங்கேதான் வினை. பத்தாவது பதிவைத் தேடினால், அதற்கு முன்னால் உள்ள ஒன்பதின் நீளத்தைத்தான் கூட்ட வேண்டும். இவர் பத்தையும் கூட்டியிருந்தார். தேடிய பதிவு தொடங்கும்போது எழ வேண்டிய கணினி, அது முடியும்போது எழுந்திருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் வீணாக ஒரு சுற்று. டிஸ்க் நிஜமாகச் சுற்றிய காலம் முழுவதும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

மனுஷர் ஆடிப்போய்விட்டார். சட்டென்று தப்பைத் திருத்தி ஓடவிட்டுப் பார்த்தார். வேலை எப்போதும் முடிகிற நேரத்துக்கே முடிந்தது. சுற்றாத டிஸ்க்குக்கு அவர் தப்பும் சரியும் ஒன்றுதான். அப்படியே அழித்துவிட்டால் ஒரு ஈ காக்கைக்கும் தெரியப் போவதில்லை. அழி என்றுதான் உத்தரவும். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. வெகுநேரம் விரலைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு திருத்தியதை எடுத்துவிட்டு, பழைய தப்பையே பழையபடி திரும்ப வைத்தார்.

"ஸ்லோ..." என்று தொடங்கி விழுங்கிக்கொண்டார். "அக்கா, கொஞ்சம் இங்க வர்றீங்களா?"

"நான் எழுந்து வர நேரமாகுமே சார்" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார் அவர்.

செக்டர் சார் எழுந்து தன் நாற்காலியை அவருக்குத் தள்ளினார். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து அந்த அலுவலகம் பார்த்ததில்லை. "அன்னிக்கு லேட்டானது உங்க கையால இல்ல. என் கணக்கால. இதை எடுக்கச் சொல்லிட்டாங்க. நீங்களே எடுத்துடுங்க."

அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். சிரிக்கவில்லை. திரையை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். "எனக்கு இதெல்லாம் படிக்கத் தெரியாது. எந்த வரி?"

லிஃப்ட் மூன்றாம் மாடியைத் தாண்டும் ஓசை கேட்டது. ஐந்தாம் மாடியில் கதவு திறந்து, கொஞ்ச நேரம் நின்று, மூடிக்கொண்டது. செக்டர் சார் குனிந்து அந்த வரியின்மேல் வைத்த விரலை எடுக்கவில்லை.