குடியில்லாத் திடல்

"...ஆரு தம்பி சொன்ன, இது குடியில்லாத திடல் எண்டு?"

முழங்கால் தண்ணீரில் நின்றபடி மாமி கேட்ட கேள்வி இது. கடலை ஒட்டிய பனிச்சங்கேணிக் களப்பின் நடுவே கண்டல் மரங்கள் மண்டிய சின்னத் தீவைத்தான் நாங்கள் திடல் என்போம். அதை வெட்டி வெளியாக்கி உல்லாச விடுதி கட்ட, அளவுகாரர் இருவர் சிவப்புத் துணி சுற்றிய கட்டைகளை நட்டுக்கொண்டிருந்தார்கள். குடியில்லாத இடம், ஆருக்கும் நட்டமில்லை என்று அவர்களில் மூத்தவர் சொல்லிவிட்டார்.

மாமி என் மனைவியின் தாய். வாழைச்சேனையிலிருந்து சம்பந்தம் பேச வந்த என்னிடம் அவர் முதலில் கேட்டது பெயரையல்ல, குடியை. எங்கள் பக்கம் குடி என்றால் தாய்வழி வம்சம். கோயில் சடங்கில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் உண்டு; கோயில் சொத்தைக் காக்க வண்ணக்கர் என்றொருவரும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் போய்க் குடியில்லை என்றால் விடுவாரா?

விரலை நீட்டி நீட்டிச் சொன்னார். உச்சிக் கிளையில் கூழைக்கடாக் குடி. அதற்குக் கீழே, இறக்கையை விரித்துக் காயவிட்டிருப்பது நீர்க்காகக் குடி. வேர்களுக்குள் இறால் குடி. அது பெருத்து வெளியே வந்தால்தான் எங்கள் அடுப்பில் உலை. அக்கரைச் சேற்றில் மரக்குற்றி போலக் கிடந்ததைக் காட்டி, "அவர்தான் இந்தக் கோயிலுக்கு வண்ணக்கர். ஒரு சாமானையும் தொட விடமாட்டார்" என்றார். இளையவர் சிரித்தார். குற்றி கண்ணைத் திறந்து முதலையானதும் வள்ளத்துக்குள் ஏறிவிட்டார்.

மாமி இப்போது இல்லை. 'குடியில்லாத இடம்' என்ற அந்தச் சொல் மட்டும் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. போன மாதமும் புது ஆட்கள் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்கள். மாமியின் கேள்வியை நான் கேட்டேன். எனக்குப் பின்னால் ஊரே தோணிகளில் நின்றது. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். இனியும் வருவார்கள். வரட்டும், நாங்களும் இங்கேதான் இருப்போம். கண்டல் போனால் இறால் போகும், இறால் போனால் நாங்கள் எங்கே போவது?

அன்று மூத்தவர் மாமியை எச்சரித்தார்: கட்டையைப் பிடுங்கினால் வழக்கு வரும்.

"நான் ஏன் மனே பிடுங்கப்போறன்? நல்ல கட்டை" என்றார் மாமி. தோணியில் கிடந்த நங்கூரக் கல்லை எடுத்து, அந்தக் கட்டையை இன்னும் ஆழமாக அடித்து இறுக்கினார். தன் தோணிக் கயிற்றை அதில் கட்டினார். பிறகு அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேர்களுக்கிடையில் கைவிட்டு இறால் தடவத் தொடங்கினார்.