வியாழக்கிழமை சூலம்

ஃபிஜித் தீவில், சபேட்டோவில் வீரசாமியின் பெயரைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். "அந்த ஃபுட்பால் பைத்தியமா?" என்பார்கள். நாடி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை, குத்தகை நிலத்தில் கொஞ்சம் கரும்பு, மனைவி சுஷீலா, ஒரே பிள்ளை மகேந்திரா. ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் நீ யார் என்று யாராவது கேட்டுவிட்டால், அவர் வாயில் முதலில் வருவது "வேலவன் க்ளப் மேனேஜர்" என்பதுதான். சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது, வாரா வாரம் பதினோரு பேரின் வியர்வைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து சுஷீலாவிடம் திட்டு வாங்குகிற பதவி அது.

வேலவன் க்ளப்பை ஆரம்பித்தது அவருடைய அப்பா காலத்து ஆட்கள். கூலிக்கென்று கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள். கோவிலுக்குப் பின்னால் இருந்த கரும்புத் துண்டை வெட்டிச் சமன் செய்து, வெறுங்காலோடு ஆடத் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் கோவில், மதியம் கோழிக்கறி, அப்புறம் மைதானம். வேறு பேச்சுக்கே இடமில்லை.

வீரசாமி தோல்விக்கு வருத்தப்படுகிறவர் இல்லை. எட்டு கோல் வாங்கிக்கொண்டு வந்த நாளில்கூட நங்கோனா வேர்த்தூளைக் கரைத்து நாலு சிரட்டை குடித்துவிட்டு, "அடுத்த வாரம் பாத்துக்கலாம்டா" என்று நிம்மதியாகத் தூங்கப் போவார். அவருக்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான்: ஆள் வராமல் எதிராளிக்கு வாக்ஓவர் கொடுப்பது. ஆடித் தோற்பது வேறு, மைதானத்துக்கே வராமல் தோற்பது வேறு என்பார். இரண்டாவதில் ஒரு வெட்கக்கேடு இருக்கிறது என்று அவர் மனதார நம்பினார்.

எண்பத்தேழாம் வருஷம் மே மாதம் தலைநகர் சுவாவில் ராணுவம் பார்லிமெண்டுக்குள் நுழைந்தது. ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய, நம்ம இந்தியர்களும் நிறைய இருந்த அரசாங்கத்தை ஒரு காலைப் பொழுதில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சபேட்டோவில் குண்டும் வெடிக்கவில்லை, வீடும் எரியவில்லை. ஆனால் நம்ம ஜனங்களின் நெஞ்சில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. நூறு வருஷமாக உழுத மண்ணில் நாளைக்கு நமக்கு இடம் உண்டா? யாரைக் கேட்பது? கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? ஆஸ்திரேலியாவில் அண்ணன் இருந்தவன் அண்ணனுக்கு எழுதினான். கனடாவில் மச்சான் இருந்தவன் மச்சானுக்கு எழுதினான்.

போகிறவர்கள் யாரும் போகிறேன் என்று வாய்திறந்து சொல்லவில்லை. அதுதான் அந்த வருஷத்துப் பழக்கம். கண்ணு பட்டுவிடும், யாராவது தடுத்துவிடுவார்கள் என்று பயம். சனிக்கிழமை பிராக்டிஸுக்கு வருவான், செவ்வாய்க்கிழமை வான்கூவரில் இருப்பான். சென்டர் ஃபார்வர்ட் ரொனீஷ் போனது வீரசாமிக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? விமானத்துக்கு ஏற்ற வந்த பெட்டியில் அவன் பெயரைப் பார்த்துத்தான். நின்று இரண்டு தடவை படித்தார். பிறகு அந்தப் பெட்டியை மற்றவற்றின் அடியில் நசுங்காத இடமாகப் பார்த்து வைத்தார். வீட்டுக்கு வந்துதான் அவருக்கு ஆத்திரம் வந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் இன்னா கால்ல விழுந்து தடுக்கவா போறேன்?" என்று சுஷீலாவிடம் கத்தினார். அவள் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் ஆக்லாந்தில் இருந்த தன் தம்பிக்கு அவளும் எழுதிவிட்டிருந்தாள்.

ஜூலையில் நமாகா க்ளப்போடு ஆட வேண்டிய நாளில் ஆறு பேர்தான் வந்தார்கள். ஏழு பேர் இல்லாமல் ரெஃப்ரி ஆட்டத்தைத் தொடங்க மாட்டார். வேலவன் வரலாற்றில் முதல் வாக்ஓவர். அன்றைக்கு வீரசாமி கோல் போஸ்ட்டில் சாய்ந்துகொண்டு அழுதார், பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு பருவத்தில் இரண்டாவது முறையும் இப்படி நடந்தால் க்ளப்பை லீக்கிலிருந்தே எடுத்துவிடுவார்கள் என்பது விதி. புது ஆட்களைச் சேர்க்கிற தேதியும் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஏற்கெனவே பெயர் பதிந்திருந்தவர்களையே தேடி வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, எட்டு பேர், ஒன்பது பேர் என்று ஒப்பேற்றி, செப்டம்பர் கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்து ஃபிஜியன் கிராமத்து இலியேசா தன் ஊர்ப் பையன்களின் முறைப்பையும் மீறி வந்து ஆடினான். வீரசாமியின் கூட வேலை செய்கிற எர்னஸ்ட், சர்ச் முடிந்ததும் தொப்பையோடு வந்து ஃபுல்பேக் நின்றார். கோல்கீப்பர் மகேந்திரா.

கடைசி ஆட்டத்துக்கு அவனையும் சேர்த்துச் சரியாக ஏழு பேர். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமைதான் மகேந்திராவுக்கு ஆக்லாந்துக்கு டிக்கெட்.

மூன்று வாரம் சுற்றிப் பார்க்கப் போவதாக விசா. போய் இறங்கியதும் மாமன் தன் பட்டறையில் சேர்த்துக்கொண்டு, மெள்ள அங்கேயே நிலைக்க வழி பண்ணுவதாக ஏற்பாடு. அப்போது பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். சுஷீலா ஊறுகாய் போட்டு ஆற வைத்துக்கொண்டிருந்தபோது வீரசாமி வந்து எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கெழம தெக்க சூலமாச்சே," என்றார்.

சுஷீலாவின் கை நின்றுவிட்டது. "அய்யய்யோ! ஆமாங்க. ஆக்லாந்து நேர் தெக்கதானே இருக்குது. நான் எப்பிடி மறந்தேன்?"

"அதான் சொன்னேன். திங்கக்கெழம போகட்டும்."

"எண்ண வச்சிகினு கெளம்பினா தோஷம் போயிடும்னு எங்கம்மா சொல்லும். தலையில கொஞ்சம் எண்ண வச்சி அனுப்பிட்டா?"

"கண்காணாத ஊருக்குப் போற புள்ள. ஒரே புள்ள. எண்ணய நம்பி அனுப்புவியா நீ?"

அவள் மாரியம்மனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வேணாம் வேணாம். திங்கக்கெழமயே போகட்டும். நீங்க எப்ப இருந்து இதெல்லாம் பாக்க ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டாள். அவள் குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இருபது வருஷமாகக் கோவிலுக்கு வா வா என்று இழுத்தும் வராத மனிதர் அல்லவா!

வீரசாமி ஒருநாளும் ராகுகாலம் பார்த்தவர் இல்லை. அது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். மறுநாள் விமான நிலையத்தில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து டிக்கெட்டைத் திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்.

பிள்ளையிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அவனுக்குத் தமிழ் புரியும், வாயில் வராது, பேசுவதெல்லாம் இந்திதான். அவன் சிரித்தான். ஒரு மேட்ச்தானே அப்பா, நான் கோலில் இல்லாவிட்டால் உங்களைத் தேய்த்துவிடுவார்கள் என்றான். அவனுக்கும் ஆசைதான். பத்தொன்பது வயசு.

எர்னஸ்ட்டுக்கு மட்டும் பொறுக்கவில்லை. சாமான் வண்டிக்குப் பக்கத்தில் வைத்து வழிமறித்தார். "சூலமாமே? எங்க வீட்டுக்காரி மியூரியல் வந்து சொல்றா. உன் பொண்டாட்டி ஊரெல்லாம் உன்னப் பத்திப் பெருமையாச் சொல்லிகினு இருக்குது. வெக்கமா இல்லையாடா உனக்கு?"

"ஒரே ஒரு மேட்ச், எர்னஸ்ட்."

"எங்கண்ணன் மவன் டாரில் வியாழக்கெழம பிளேன்லயேதான் போறான். ரெண்டு பசங்களும் தொணையாப் போகட்டும்டா. நான் வேணா ஒத்தக் கால்ல நின்னு ஆடறேன்."

"ஆறு பேர் ஆயிடும்டா. க்ளப்பே போயிடும். நாலு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?"

எர்னஸ்ட் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை டாரில் போனான். அன்று சாயங்காலமே வீட்டுக்கு ஃபோன் செய்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பெட்டியைத் திறக்கவில்லை, முத்திரை குத்தி உள்ளே விட்டார்கள் என்றான். வெள்ளிக்கிழமை ராணுவம் இரண்டாவது தடவை ஆட்சியைப் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை வீரசாமி சட்டை மூட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். போகாதே என்று சுஷீலா தலையில் அடித்துக்கொண்டாள், கேட்டால்தானே! நடுவட்டத்தில் ஒரு ராணுவ லாரி நின்றுகொண்டிருந்தது. மகேந்திரா வயசுதான் இருக்கும், ஒரு சிப்பாய் இறங்கி வந்தான். இன்றைக்கு ஆட்டம் இல்லை பெரியவரே, கூட்டம் கூடக் கூடாது, வீட்டுக்குப் போங்கள் என்று மரியாதையாகவே இந்தியில் சொன்னான். எதிராளிகளும் வரவில்லை, ரெஃப்ரியும் வரவில்லை. அந்த வருஷம் லீக் அப்படியே நின்றுபோனது. கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டே கூடாது என்று சட்டமும் வந்தது. யாரும் யாருக்கும் வாக்ஓவர் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை விமானம் கிளம்பவில்லை. புதன்கிழமை கிளம்பியது. மகேந்திராவின் பெட்டியை வீரசாமி வேறு யாரையும் தொடவிடவில்லை. பூட்டு சரியில்லை என்று சுஷீலா தன் பழைய மஞ்சள் புடவையைக் கிழித்துக் கட்டியிருந்த முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தானே ஏற்றினார். விமானம் போன பிறகு வெகுநேரம் வெயிலில் நின்றார். போய்விட்டான், கடவுளே, போய்விட்டான் என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. அது அழுகையா நிம்மதியா என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் மதியம் ஆக்லாந்து விமானம் திரும்பி வந்தது. அந்த வாரம் ஃபிஜிக்கு வருகிறவர்கள் அதிகம் இல்லை, பெட்டிகளும் கொஞ்சம்தான். கடைசிப் பெட்டிகளில் ஒன்றாக அது வந்தது. முதலில் அவர் கண்ணில் பட்டது அந்த மஞ்சள் துணிதான். முடிச்சு மாறியிருந்தது. சுஷீலா போட்ட முடிச்சு அது இல்லை. யாரோ அவிழ்த்துத் திருப்பி ஏனோதானோவென்று கட்டியிருந்தார்கள். வீரசாமி பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் வரிசையாகப் பெட்டிகள் தேங்கின. எர்னஸ்ட் ஓடி வந்து பார்த்தார், மற்ற பெட்டிகளை எல்லாம் தானே இறக்கினார்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஃபிஜியிலிருந்து வருகிறவர்களை ஆக்லாந்தில் துருவத் தொடங்கியிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். துணிக்கு அடியில் பள்ளிக்கூட சர்டிபிகேட்டுகள். மூன்று வாரம் சுற்றிப் பார்க்க வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டிருக்கிறார். மகேந்திராவுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. ராத்திரி முழுக்க ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, காலையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமனைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பாஸ்போர்ட்டில் திருப்பி அனுப்பிய முத்திரை விழுந்துவிட்டது. இனி எந்த நாட்டு வாசலிலும் அது பேசும்.

அப்பாவும் பிள்ளையும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள். வழியெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வாசலில் பிள்ளையைப் பார்த்ததும் சுஷீலா வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டாள். அவளால் முடிந்தது அதுதான். பருப்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"போவுது விடு. உயிரோட வந்து சேந்தியே, அது போதும். நல்ல நாள் பாத்து அனுப்பியே இப்பிடி ஆச்சின்னா, அந்த வியாழக்கெழம அனுப்பியிருந்தா இன்னும் இன்னா இன்னா ஆயிருக்குமோ!" அப்புறம் வீரசாமியின் பக்கம் திரும்பினாள். "நல்லவேள, உங்களுக்குத்தான் அது ஞாபகம் வந்துச்சி. நான்னா அனுப்பியிருப்பேன்."

மகேந்திரா தட்டைவிட்டுத் தலை தூக்கவில்லை. "ஆமாம்மா," என்றான். தமிழில் சொன்னான்.

அந்த ஒரு சொல்லை வீரசாமியால் தாங்க முடியவில்லை. அவள் நன்றி சொன்னதைக்கூடத் தாங்கியிருப்பார். பிள்ளை அப்பாவுக்காகப் பெற்றவளிடம் பொய் சொல்கிறான். ஆக்லாந்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லத் தெரியாத பொய் அது.

"சூலமெல்லாம் ஒண்ணும் இல்ல, சுஷீலா," என்றார். "மேட்சுக்குச் சொன்னேன். இவன் இல்லன்னா ஆறு பேர் ஆயிருப்போம். அதுக்குச் சொன்னேன்."

சுஷீலா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். அவள் கத்துவாள் என்று வீரசாமி எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் கத்தவில்லை.

"எண்ண வச்சி அனுப்பறேன்னு நான் கேட்டனே," என்றாள். "அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அதனாலதான சொல்லல?"

"ஆமா," என்றார் வீரசாமி.