மாப்பிள்ளை கேட்ட சத்தம்

எங்கள் பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் மூன்று. நடுப்பிள்ளைதான் எண்ணெய்க்குப்பி அண்ணன். டப்பா மூடி அடிக்கிற பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டினார். சட்டைப்பையில் எந்நேரமும் எண்ணெய்க்குப்பி இருக்கும். கல்யாண வீட்டில் கதவு கிறீச்சிட்டால், பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டுக் கதவைத்தான் கவனிப்பார்.

மகளைக் கட்டி அவருக்கு வாய்த்த மாப்பிள்ளை கிதார்க்காரர். இண்டஸ்ட்ரியல் மெட்டல் என்று ஒரு வகை இசையாம். கிதாரோடு இரும்புச் சத்தமும் சேர்ந்து இடிக்கும். அவர்கள் போடுகிற ஆல்பத்தின் முதல் டிராக்கில் பாட்டே கிடையாது, வெறும் இசை.

"அதுக்கு உங்க பிரஸ் சத்தம் வேணும் மாமா. ஞாயித்துக்கிழமை பதிவு பண்ண வரலாமா?"

கல்யாணமான நாளாய் மாமனாரிடம் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்காத மனிதர். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

விருந்தாளி வருகிறார் என்றால் நாம் வீட்டைக் கூட்டிப் பெருக்க மாட்டோமா? அண்ணனும் அதைத்தான் செய்தார். சனிக்கிழமை முழுக்கப் பிரஸ்ஸுக்கு கிரீஸ் வைத்தார். ஆடிய போல்ட்டுகளை முறுக்கினார். அதிர்கிற தகட்டுக்கு அடியில் ரப்பர் செருகினார்.

மறுநாள் மாப்பிள்ளை மைக்கை நீட்டினார். பிரஸ் 'புசுக், புசுக்' என்றது.

"என்ன மாமா, தூங்குதா?"

"பூனை நடக்கிற மாதிரி இல்ல?" அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"தெருமுனை வரைக்கும் கேக்குமே, அந்தச் சத்தம் எங்க?"

"அது சத்தமா மாப்ளே? சீக்கு! நேத்தே குணமாக்கிட்டேன்."

மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போனது. "பரவால்ல மாமா" என்று ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். அந்தப் 'பரவால்ல' அண்ணனைச் சுருக்கென்று குத்தியது. ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டில் மாட்டினார். கை திரும்பவில்லை. நன்றாக ஓடுகிற மெஷினைக் கெடுக்க அவருக்கு எங்கே மனசு வரும்?

சாப்பாடு கொண்டுவந்த அண்ணி தூக்கை டங்கென்று வைத்தாள். "தள்ளுங்க. மாப்ள வாயத் தொறந்து கேட்டதே இது ஒண்ணுதான், அதையும் வைத்தியம் பாத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க!"

ரப்பரைப் பிடுங்கிப் போட்டாள். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

'கடகட கடகட டங்!'

"இதான் அத்தை, இதேதான்!" மாப்பிள்ளை துள்ளிக் குதித்தார்.

"இந்தச் சத்தத்த எடுத்துக்கோங்க மாப்ளே," என்றார் சுவரைப் பார்த்தபடியே அண்ணன். "ஆனா நான் சொல்றத அட்டையில போடணும்."

போட்டார்கள். ஆல்பம் வந்ததும் நான் பார்க்கப் போனேன். அண்ணன் டிராக்கைப் போட்டுக் காட்டவில்லை, அட்டையைத்தான் காட்டினார். முதல் டிராக்கின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது:

'இந்தச் சத்தம் அன்று மாலையே சரிசெய்யப்பட்டது.'